செமாகுளுடைட் ஊசியோடு 31 மாதங்கள்

ஞாயிறு இரவு வேலையெல்லாம் முடிந்த பிறகு வயிற்றில் ஒரு சின்ன ஊசி. வாரத்துக்கு ஒன்றுதான். இதை ஆரம்பித்து 31 மாதம் ஆகிறது, நடுவில் 7 மாதம் நிறுத்தியிருந்தேன். எடை குறைப்பு மருந்து பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் எல்லோரும் "எத்தனை கிலோ குறைஞ்சீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். நிறுத்திய அந்த 7 மாதத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் அதிகம் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

தொடங்கும்போது எனக்கு வயது 46, எடை 104 கிலோ. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. முழங்கால் வலியால் மாடிப்படி ஏறுவதைத் தவிர்த்துவந்தேன். உணவுக் கட்டுப்பாட்டில் மூன்று முறை 8, 10 கிலோ என்று குறைத்து, மூன்று முறையும் திரும்ப ஏற்றிக்கொண்டவள் நான். ஆனாலும் மருந்து என்றதும் பயம். எடை குறைப்பு மருந்துகளின் பழைய கதை அப்படி. ஃபென்ஃப்ளூரமைன் இதய வால்வுகளைப் பாதித்ததால் 1997இல் திரும்பப் பெறப்பட்டது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டியதால் 2010இல் சிபுட்ரமைன் போனது. இதையெல்லாம் மருத்துவரிடம் சொன்னேன். அவர் பயத்தைத் தட்டிக்கழிக்கவில்லை. இந்த வகை மருந்து வேறு வழியில் வேலை செய்கிறது, சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போல நடிக்கிறது, சர்க்கரை நோய்க்கு இந்த வகை ஊசிகள் 2005இலிருந்தே புழக்கத்தில் இருக்கின்றன என்றார். பிறகு, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் வந்திருக்கிறதா, எனக்குக் கணைய அழற்சி வந்ததுண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் இந்த ஊசி கூடாது. இந்தக் கேள்விகளைக் கேட்காமல் யாராவது ஊசியை எழுதிக்கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எதிர்பார்ப்பையும் அன்றே அளந்து வைத்தார். 1961 பேரிடம் 68 வாரம் நடந்த பெரிய ஆய்வில் செமாகுளுடைட் போட்டவர்களுக்குச் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். ஆனால் மருந்து போட்டவர்களிலேயே ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு 5 சதவீதம்கூடக் குறையவில்லை. "நீங்க அந்த ஏழாவது ஆளா இருந்தா அது உங்க தப்பு இல்ல" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம் தொடர்ந்தேன்.

0.25 மில்லிகிராமில் தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒருமுறை டோஸ் ஏறும். முதல் டோஸில் குமட்டல் லேசாகத்தான் இருந்தது. 1 மில்லிகிராம் வந்தபோது இரண்டு நாள் படுத்த படுக்கை. வாந்தி நின்றாலும் தண்ணீர் குடிக்கப் பிடிக்காமல் இருந்துவிட்டேன், தலை சுற்றியது. அப்படி உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் அடிவாங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. மலச்சிக்கல் இன்றுவரை போகவில்லை.

ஆனால் அந்த முதல் மாதத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் இதை ஏன் விடாமல் தொடர்ந்தேன் என்பது புரியும். அலுவலக மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு பிஸ்கட் பாக்கெட் வைத்திருப்பேன். மூன்றாவது வாரம் பேனா தேடித் திறந்தபோது, பாதி தின்ற பாக்கெட் நமத்துப்போய்க் கிடந்தது. அது அங்கே இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து, அடுத்து என்ன சாப்பிடலாம், இருப்பதில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு குரல் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், மற்றவர்கள் அதை அடக்குகிறார்கள், எனக்குத்தான் மனவுறுதி இல்லை என்று நம்பியிருந்தேன். அந்தக் குரல் நின்றதும் மேசையிலேயே அழுதேன். நாற்பது வருடம் என்னை நானே திட்டிக்கொண்டது வீண் என்று தெரிந்த அழுகை அது.

14 மாதத்தில் 86 கிலோவுக்கு வந்தேன். ரத்த அழுத்த மாத்திரை பாதியானது, சர்க்கரை இயல்புக்கு வந்தது.

தசையைப் பற்றி மட்டும் யாரும் என்னிடம் அழுத்திச் சொல்லவில்லை. 11ஆம் மாதம் தரையில் உட்கார்ந்தவள் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. 104 கிலோவில் முடிந்தது 89 கிலோவில் முடியவில்லை. உடல் அமைப்புப் பரிசோதனையில், குறைந்த 15 கிலோவில் 6 கிலோ கொழுப்பே இல்லை என்று வந்தது. நான் மேலே சொன்ன அதே ஆய்வில் ஸ்கேன் எடுக்கப்பட்டவர்களிடமும் குறைந்த எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் இப்படித்தான் போயிருக்கிறது. பசி இல்லாததால் ஒரு நாளைக்கு ஒன்றரை வேளை சாப்பிட்டு, அதையே சாதனையாக நினைத்திருந்தேன். அது பெரிய தவறு. இப்போது பசிக்காவிட்டாலும் தட்டில் முதலில் புரதம்தான். வாரம் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி. முதல் ஊசியோடு சேர்த்தே இதைத் தொடங்கியிருக்க வேண்டும்.

14ஆம் மாதக் கடைசியில் ஒரு இரவு வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி முதுகுவரை போனது. பித்தப்பையில் கல். எடை வேகமாகக் குறைந்தாலே கல் சேர வாய்ப்பு உண்டு. அதே ஆய்வில் பித்தப்பைத் தொல்லை வந்தவர்கள் மருந்துக் குழுவில் 2.6 சதவீதம், வெற்று ஊசிக் குழுவில் 1.2 சதவீதம். சிறிய எண்ணிக்கைதான், நான் அதற்குள் விழுந்தேன். அறுவை சிகிச்சைக்கு முன்பு மயக்க மருந்து நிபுணரிடம் ஊசி விஷயத்தை நானாகத்தான் சொன்னேன், படிவத்தில் அதற்கு இடமே இல்லை. இந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. பட்டினி இருந்தாலும் உள்ளே உணவு தங்கியிருக்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. அவர் உடனே தன் திட்டத்தை மாற்றினார்.

அதற்காக நிறுத்திய ஊசியை நான் திரும்பத் தொடங்கவில்லை. எடைதான் குறைந்துவிட்டதே, பழக்கமும் மாறிவிட்டதே என்று நினைத்தேன். ஐந்தாவது வாரம் அந்தக் குரல் வந்தது. பழைய அளவில் இல்லை, அதைவிடச் சத்தமாக. உடற்பயிற்சியை விடவில்லை, எழுதி வைத்துத்தான் சாப்பிட்டேன், ஆனாலும் 7 மாதத்தில் 9 கிலோ ஏறி 95இல் நின்றேன். ஆய்வில் ஊசியை நிறுத்தியவர்களுக்கும், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பியிருக்கிறது. இதை முன்பே படித்தவள்தான் நான். என் விஷயத்தில் அப்படி ஆகாது என்று நினைத்துவிட்டேன்.

மறுபடி 0.25இலிருந்து தொடங்கினேன். இடைவெளிக்குப் பிறகு நேராகப் பழைய டோஸுக்குத் தாவக்கூடாது. இப்போது 1.7 மில்லிகிராம், எடை 88 கிலோ. ரத்த அழுத்த மாத்திரையைப் போல இதுவும் நீண்ட காலத்துக்கு என்று ஏற்றுக்கொண்ட பிறகு மனம் அமைதியாக இருக்கிறது. ஏற்கெனவே இதய நோய் உள்ள, பருமனான, ஆனால் சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம் நடந்த ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்திருக்கிறது. எனக்கு இதய நோய் இல்லை, அந்தப் பலனை எனதென்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் அப்பாவுக்கு இருந்தது. அவர் காலத்தில் இது இருந்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

போன மாதம் தங்கை வந்தாள். "அக்கா, உன் பழைய ஊசிப் பேனா ஒண்ணு மிச்சம் இருக்குமே, குடு. ரெண்டு மாசம் போட்டுட்டு விட்டுடறேன்" என்றாள். அவள் 62 கிலோ, எந்த நோயும் இல்லை, அடுத்த குழந்தைக்கு வேறு திட்டமிடுகிறாள். கருத்தரிக்கத் திட்டமிட்டால் இரண்டு மாதம் முன்பே இதை நிறுத்திவிட வேண்டும், இதைத் தொடங்கவே உனக்குக் காரணமில்லை என்றேன். கோபித்துக்கொண்டு போனாள். பேனாவை எடுத்து மருந்துக் கடையின் காலாவதி மருந்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அவள் இன்னும் சரியாகப் பேசவில்லை, பேசுவாள்.