ஒரே தீவு, இரண்டு தூரிகைகள்: மோனேயும் ரெனுவாரும்

1869 கோடையில் பிரெஞ்சு ஓவியர்களான மோனேயும் ரெனுவாரும் பாரிசுக்கு மேற்கே, சேன் ஆற்றங்கரையிலிருந்த லா கிரெனுயேர் குளியல் துறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே காட்சியை வரைந்தார்கள். ஒற்றை மரம் நிற்கும் குட்டித் தீவு, படகுகள், பொழுதுபோக்க வந்த கூட்டம்.

மோனேவுக்குத் தண்ணீர்தான் எல்லாம். முன்பக்கத்து அலைகளைப் பாருங்கள்: பட்டையான கிடைமட்டத் தீற்றல்கள், கருமையும் பழுப்பும் வெளிர்நீலமும் குழையாமல் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. கொஞ்சம் தள்ளி நின்றால் ஆறு அசைகிறது! மனிதர்கள் வெறும் திட்டுகள்.

ரெனுவார் தீவைக் கிட்டத்தில் கொண்டுவருகிறார். அவர் கண் பெண்களின் உடைகள் மேல். தீற்றல்கள் இறகுபோல மென்மை. அழகுதான், ஆனால் தண்ணீர் பின்னணியாகிவிடுகிறது.

என் ஓட்டு மோனேவுக்கே. 1874இல் நடந்த முதல் இம்ப்ரெஷனிசக் கண்காட்சிக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, கணநேர ஒளியைத் துரிதமான தீற்றல்களில் பிடிக்கும் அந்த ஓவியப் பாணி இந்த அலைகளில் பிறந்துவிட்டது. அவருடைய ஓவியம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும், ரெனுவாருடையது ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.