சில்க் போர்டு நெரிசலுக்கு எந்த கியர்பாக்ஸ்?

தம்பி செகண்ட் ஹேண்டில் ஒரு கார் தேடிக்கொண்டிருந்தான். நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஸ்யூவி, பெட்ரோல், ஆட்டோமேட்டிக். இந்த மூன்றையும் முடிவு செய்துவிட்டு, "அக்கா, எந்த கம்பெனி வாங்கட்டும்?" என்று கேட்டான். முதலில் எந்த கியர்பாக்ஸ் என்று முடிவு பண்ணு, கம்பெனியை அப்புறம் பார்க்கலாம் என்றேன். அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஆறு வருடம் ஓட்டியிருக்கிறேன். பெங்களூரு ஒரு காரை எந்த இடத்தில் வாட்டும் என்பதை அந்த வழி எனக்குக் காட்டிவிட்டது. தோம்லூரில் ஆரம்பித்து சில்க் போர்டு வரை ஆள் நடக்கிற வேகம்தான். முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதல் கியர், இப்படியே ஒரு மணி நேரம்.

விற்பனை விளம்பரத்தில் எல்லாவற்றையும் 'ஆட்டோமேட்டிக்' என்றுதான் போடுகிறார்கள். உள்ளே இருப்பது நான்கு விதமான இயந்திரம். கோளாறும் செலவும் அதற்குத் தகுந்தபடி மாறும்.

விலை குறைந்தது ஏஎம்டி. இந்தியாவில் 2014இல் மாருதி செலெரியோவோடு வந்து பரவியது. 2018இல் டாடா நெக்ஸானுக்கும் மாருதியின் டீசல் பிரெஸ்ஸாவுக்கும் வந்தது. உள்ளே சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை இயக்குவதையும் கியரை மாற்றுவதையும் நம் கால், கைக்குப் பதிலாக ஆக்சுவேட்டர்கள், அதாவது கம்ப்யூட்டர் சொல்படி தள்ளி இழுக்கிற கருவிகள், செய்கின்றன. அதனால்தான் கியர் மாறும் ஒவ்வொரு முறையும் தலை லேசாக முன்னால் போய் வருகிறது. இதில் வழக்கமாகப் போவது கிளட்ச் தட்டும் ஆக்சுவேட்டரும். ஏற்றத்தில் பிரேக்கில் கால் வைக்காமல் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தியே வண்டியை நிறுத்திப் பிடிப்பவர்கள் கையில் கிளட்ச் சீக்கிரம் தேயும். கிளட்சை மாற்றியபின் ஸ்கேனரைப் போட்டு, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்துவிட்டால் புதுக் கிளட்சும் வெட்டி வெட்டித்தான் இழுக்கும். ஏஎம்டியின் பெரிய பலம், வில்சன் கார்டன் பக்கத்து மெக்கானிக்குக்கும் பிடிபடுகிற சாமான் அது என்பது. பழுது வந்தாலும் குடும்ப பட்ஜெட்டுக்குள் முடிந்துவிடும்.

அடுத்தது டிசிடி, இரட்டைக் கிளட்ச். என் முதல் ஆட்டோமேட்டிக் இதுதான், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஒரு கிளட்சில் 1, 3, 5, 7ஆம் கியர்கள். இன்னொன்றில் 2, 4, 6. ஒன்று ஓடும்போதே அடுத்த கியர் மறு கிளட்சில் தயாராக நிற்கும். நெடுஞ்சாலையில் இதை ஓட்டுகிற சுகமே தனி. ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி வரை காலை நேரத்தில் போனால் கியர் மாறுவதே தெரியாது. ஆனால் சின்ன எஸ்யூவிகளில் அதிகம் பார்க்கிற வகையில் இந்தக் கிளட்சுகள் எண்ணெயில் மூழ்காதவை, உலர் கிளட்ச். சுற்றியுள்ள காற்றுதான் அவற்றைக் குளிர்விக்க வேண்டும். வண்டி ஊர்ந்து போகும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் பாதி வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்கினால் சூடு. நெரிசலில் அந்தச் சூட்டுக்குப் போக வழி கிடையாது.

ஒரு மே மாதத்து மாலை, அகரா தாண்டி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தேன். கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, ஓரமாக நிறுத்தவும் என்று திரையில் எச்சரிக்கை வந்தது. பின்சீட்டில் அம்மா. இருபது நிமிடம் நின்றோம். அடுத்த சில மாதங்களில் முதல் கியரில் கிளம்பும்போதெல்லாம் வண்டி நடுங்க ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் டிராஃபிக்கில் ஓட்டினால் அப்படித்தான் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். வாரண்டி முடிந்த பிறகு, கிளட்ச் செட்டை மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். பில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அந்த நடுக்கத்தை முதல் நாளே எழுத்தில் பதிவு செய்து கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். இதைப் படிப்பவர்கள் அதையாவது செய்யுங்கள்.

எனக்கு மட்டும் நடந்த கதை இல்லை இது. ஃபோர்டின் 'பவர்ஷிஃப்ட்' உலர் கிளட்ச் பெட்டி பல நாடுகளில் புகாருக்கு உள்ளானது. அந்தப் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018இல் அந்த நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இந்தியாவில் 2013இல் வந்த ஈக்கோஸ்போர்ட் பெட்ரோலில் இரட்டைக் கிளட்ச் இருந்தது; 2017இல் புதுப்பித்தபோது அதை எடுத்துவிட்டு டார்க் கன்வெர்ட்டர் வைத்தார்கள். ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட் டர்போ பெட்ரோல்களில் வரும் 7 கியர் டிசிடியும் உலர் வகைதான். அது வேறு வடிவமைப்பு. ஈக்கோஸ்போர்ட்டின் குறையை அதன் மேல் ஏற்றக் கூடாது. ஆனால் ஊர்ந்தால் சூடாகும் என்ற விஷயத்தை எந்த உலர் கிளட்சும் தாண்ட முடியாது. 2023 நெக்ஸானில் வந்த டிசிஏ (டாடாவின் இரட்டைக் கிளட்ச்) எண்ணெயில் குளிரும் ஈரக் கிளட்ச், நெரிசலுக்கு அது தேவலை.

உலர் டிசிடி ஏற்கெனவே கையில் இருந்தால், அங்குலம் அங்குலமாக நகர்த்தாதீர்கள். முன்னால் ஒரு கார் நீளம் இடம் விழும்வரை நின்று, அப்புறம் பிரேக்கை முழுதாக விட்டுக் கிளம்புங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

சிவிடியில் கியர் என்று தனித்தனியாக எதுவும் இல்லை. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் எஃகு பெல்ட்; கப்பி விரிந்து சுருங்கும்போது விகிதம் மாறுகிறது. நிசான் மேக்னைட், ரெனோ கைகர் டர்போக்களில் இது கிடைக்கிறது. நெரிசலில் இதன் மென்மைக்கு ஈடில்லை. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில், ஐந்து பேரும் சாமானுமாக இருந்தால், எஞ்சின் கத்தும், வேகம் பின்னால் மெதுவாக வரும். பெல்ட் வழுக்காமல் பிடிப்பது அந்த ஆயிலை நம்பித்தான். கம்பெனி சொன்ன சிவிடி ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. முந்தைய ஓனர் ஆயில் மாற்றியதற்கு பில் காட்டவில்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிடலாம். பெல்ட்டும் கப்பியும் போனால் பெரும்பாலும் பெட்டியையே மாற்றச் சொல்வார்கள்.

டார்க் கன்வெர்ட்டர் பழைய முறை. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது. வண்டி ஊரும்போது தேய்வதற்கு அங்கே உலர்ந்த தட்டு இல்லை, எண்ணெய் மட்டும் சூடாகும், அதைக் குளிர்விக்கவும் ஏற்பாடு உண்டு. 2020 பிரெஸ்ஸா பெட்ரோலில் வந்தது 4 கியர். நம்பகமானது, ஆனால் நெடுஞ்சாலையில் சத்தமும் பெட்ரோல் செலவும் கூடுதல். 2022 பிரெஸ்ஸாவில் 6 கியர் ஆனது. 2024இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ டர்போ பெட்ரோலிலும் 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் உண்டு. இதில் வருவது கியர் மாறும்போது உதைப்பு, சாலினாய்டு (ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடுகிற மின் வால்வு) கோளாறு. ஆயிலை மாற்றவே வேண்டாம் என்று சிலர் சொல்வதை நான் நம்புவதில்லை. இந்த ஊர் ஓட்டத்துக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். தினமும் நெரிசலில் ஓட்டுகிறவருக்கு டார்க் கன்வெர்ட்டர், அதற்கு அடுத்து நல்ல சர்வீஸ் பில்லோடு இருக்கும் சிவிடி. கையில் பணம் குறைவு என்றால் ஏஎம்டி, தயங்க வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வண்டி எடுத்து, வார இறுதியில் தர்மபுரி, சேலம் என்று ஊருக்குப் போகிறவருக்கு டிசிடி பொருந்தும், அதுவும் வாரண்டி மிச்சம் இருந்தால் மட்டும்.

இன்னொரு விஷயத்தையும் தம்பிக்கு அழுத்திச் சொன்னேன். கியர்பாக்ஸ் கோளாறு என்று வருகிற வண்டிகளில் பல, பேட்டரிக் கோளாறு. இந்த நான்கையும் கம்ப்யூட்டர்தான் ஓட்டுகிறது, வோல்டேஜ் இறங்கினால் அது குழம்பிப்போகும். நெரிசலில் ஏசி, விளக்கு, திரை எல்லாம் ஓடும், தூரம் குறைவு, பேட்டரி முழுதாக ஏறுவதே இல்லை. ஏபிஎஸ் (பிரேக் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஸ்டியரிங், எஞ்சின் என்று ஐந்தாறு விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால் ஐந்தாறு சாமான்கள் ஒரே நாளில் போயிருக்காது. என் மெக்கானிக் அண்ணன் எப்போதும், "முதல்ல வோல்ட்டைப் பாரும்மா" என்பார். இரவு முழுதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நலம், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. சிக்னலில் எஞ்சின் தானாக நின்று கிளம்பும் வண்டிக்கு அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்குகிற ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் பேட்டரிதான் போட வேண்டும்; விலை குறைவு என்று சாதாரணப் பேட்டரி போட்டவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

மற்றவை சின்னச் சின்னது. சக்கரத்தின் வேக சென்சார் ஒன்று சேற்றில் கெட்டால் ஏபிஎஸ்ஸோடு ஈஎஸ்பி (சறுக்காமல் காப்பது) விளக்கும் ஏற்றப்பிடிப்பு (ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிப்பது) விளக்கும் சேர்ந்து எரியும். பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச் போனால் பட்டனை அழுத்தினாலும் ஸ்டார்ட் ஆகாது, லீவர் பார்க்கிங்கை விட்டு நகராது. சில நூறு ரூபாய்ச் சாமானுக்காக டோ வண்டி கூப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் எலி. அடித்தளப் பார்க்கிங் உள்ள எந்த அபார்ட்மெண்டிலும் ஒயரைக் கடித்துவைக்கும்; வாங்கும் முன் பானட்டைத் திறந்து ஒயர்களில் டேப் சுற்றிய இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தம்பி கடைசியில் 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் வண்டி ஒன்றைப் பார்த்தான். காலை ஏழு மணிக்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை ஓட்டினோம். அன்று மாலையே சில்க் போர்டு வரை நெரிசலில் போய்வந்து, சூடான பெட்டியில் ரிவர்ஸும் டிரைவும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். உதைப்பு இல்லை. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் மீட்டர் 9.3 காட்டியது. விற்பவர் முதலில் மழுப்பினார். எண்ணைக் காட்டியதும் புதுப் பேட்டரி போட்டுத் தந்தார்.