துலாம்பன் லிபர்ட்டி கப்பல்: விடியற்காலை டைவுக்கே காசு கொடுங்கள்

பாலித் தீவின் வடகிழக்குக் கரையில், துலாம்பன் கிராமத்தின் கடலில் கிடக்கிறது லிபர்ட்டி. 1918-இல் கட்டிய அமெரிக்கச் சரக்குக் கப்பல். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்ப்பிடோ பட்டு, கரைக்கு இழுத்துவரப்பட்டுத் தரைதட்டி நின்றது. 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்துவிட்டது. கரையோரமாகவே கிடப்பதால், சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி மூழ்கிப் பார்க்கும் ஸ்கூபா டைவுக்குப் படகு தேவையில்லை. கரையிலிருந்து சிறிது தூரம் நீந்தினாலே போதும். மேல்விளிம்பு சுமார் 5 மீட்டர் ஆழத்தில், அடிப்பக்கம் 30 மீட்டரை ஒட்டி. டைவிங்கின் தொடக்கநிலைச் சான்றிதழான ஓப்பன் வாட்டரின் 18 மீட்டர் எல்லைக்குள்ளேயே கப்பலின் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம்.

முன்பதிவு செய்யும்போது நேரத்தைத்தான் முதலில் பேசுங்கள். காலை ஆறு, ஆறரைக்கு இறங்கினால் கப்பலுக்குள் உறங்கிய பெரிய முட்டுத்தலைக் கிளிமீன்கள் கூட்டமாக வெளியேறுவதைப் பார்க்கலாம். ஒன்பது மணிக்குமேல் தீவின் தெற்கிலிருந்து டைவர்களை ஏற்றிய வேன்கள் வந்துவிடும். பிறகு கப்பலைவிடக் காற்றுக் குமிழிகள்தான் அதிகம் தெரியும். இதற்காகவே முதல் நாள் இரவு துலாம்பனிலேயே தங்குவது நல்லது.

சிரமம் கடலில் இல்லை, கரையில். முழுக்க உருளைக் கற்கள், ஈரத்தில் வழுக்கும். கெட்டியான அடி வைத்த பூட்ஸ், அதன்மேல் பட்டையால் மாட்டும் ஃபின்ஸ் (நீந்தும் துடுப்புக் காலணி) இரண்டும் கட்டாயம். வெறுங்காலில் மாட்டும் முழுப்பாத ஃபின்ஸ் இங்கே உதவாது. சிலிண்டரை ஊர்ப்பெண்கள் தலையில் சுமந்து கரைக்குக் கொண்டுவருவார்கள். அவர்கள் கூலி கட்டணத்தில் சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாஸ்க்கைப் போட்டு, மூச்சுக்கருவியான ரெகுலேட்டரை வாயில் வைத்து, பிசிடியில் (மிதக்க உதவும் காற்றுச் சட்டை) காற்றேற்றிக்கொண்டு தண்ணீருக்குள் நடங்கள். இடுப்பளவு வந்ததும் மல்லாந்து மிதந்து ஃபின்ஸ் மாட்டுங்கள். நின்றபடி மாட்டினால் அடுத்த அலை சாய்த்துவிடும்.

ஆழமான பக்கத்தை முதலில் முடித்து மேல்நோக்கி வருவதே சரியான வரிசை. 30 மீட்டரில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால், மேலேறும்போது கட்டாய நிறுத்தம் தேவைப்படாமல் இருக்கச் சுமார் 20 நிமிடமே கிடைக்கும். 32 சதவீத நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) என்றால் 30 நிமிடம்வரை. நைட்ராக்ஸ் சான்றிதழ் இருந்தால் கூடுதல் கட்டணம் தாராளமாகத் தரலாம். சிலிண்டர் அழுத்தம் 200 பாரில் தொடங்கி 100-இல் கரைப்பக்கம் திரும்பினால், 5 மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்தைக் கரைச்சரிவிலேயே மீன் பார்த்தபடி முடிக்கலாம்.

மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் எடையில்தான் பலர் தவறுகிறார்கள். அலுமினிய சிலிண்டர் காலியாகும்போது இரண்டு கிலோவுக்கு மேல் இலகுவாகிவிடும். தொடக்கத்தில் சரியாகத் தோன்றிய எடை, கடைசியில் 5 மீட்டரில் நிற்க விடாது. சிலிண்டரில் 50 பார் மீதமிருக்கும்போது நீரின் மேல்மட்டத்தில் சோதித்து எடையை முடிவு செய்யுங்கள். அளவு கூடினாலும் கெடுதல்தான்: ஃபின்ஸ் கருமணலைக் கிளப்பிவிடும், பின்னால் வருபவருக்கு ஒன்றும் தெரியாது.

கப்பல் சிதைந்து திறந்தே கிடப்பதால் இடுக்குகள் அழைக்கும், போகாதீர்கள். துரு விளிம்பு டைவிங் உடையைக் கிழிக்கும், கொட்டும் சிறு கடலுயிர்களான ஹைட்ராய்டுகளும் சிங்கமீன்களும் அங்கேதான் இருக்கும். ஒரு கைடுக்கு நான்கு பேருக்குமேல் சேர்க்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். மழைக்கால ஜனவரி, பிப்ரவரியில் அலை உயர்ந்து தண்ணீரும் கலங்கும். அந்த மாதங்களில் போவதானால், அலை அதிகமுள்ள நாளில் தேதியை மாற்றித் தருவார்களா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள்.