பிரின்சஸ் தெருவில் வாங்கிய ஹைட்ரசீன் சல்பேட்: பொருள் நன்று, விற்ற விதம் அப்படியன்று

மும்பையின் செம்பூரில் நாங்கள் நடத்தும் சிறிய நீர்ப் பரிசோதனைக் கூடத்தில், கலங்கல் அளவிடும் கருவியைச் சரிபார்ப்பதற்கான ஃபார்மசின் என்னும் அளவு தெரிந்த கலங்கல் கரைசலை நாங்களே தயாரித்துக்கொள்கிறோம். அதற்காகக் கடந்த மழைக்காலத் தொடக்கத்தில் பிரின்சஸ் தெருக் கடை ஒன்றில் 100 கிராம் ஹைட்ரசீன் சல்பேட் வாங்கினோம்.

கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டியது ஹைட்ரசீன் ஹைட்ரேட். ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று இந்தியில் உறுதியாகவும் சொன்னார். ஹைட்ரேட் என்பது காற்றில் புகையும் காரத்தன்மையுள்ள நீர்மம். நாங்கள் கேட்டதோ வெண்ணிறப் படிக உப்பு, அதன் கரைசல் நல்ல அமிலம். வேதிப்பொருள் விற்பவர் இந்த இரண்டையும் ஒன்றெனச் சொல்வது, சுண்ணாம்பையும் சர்க்கரையையும் ஒன்றெனச் சொல்வதைவிட ஆபத்தானது.

சரியான புட்டி கைக்கு வந்த பிறகும் ஒரு குழப்பம் இருந்தது. லேபிளில் ஹைட்ரசீன் சல்பேட் என்றும் பில்லில் ஹைட்ரசீனியம் சல்பேட் என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டும் ஒரே சேர்மத்தின் பெயர்களே: நைட்ரஜன் இரண்டு, ஹைட்ரஜன் ஆறு, கந்தகம் ஒன்று, ஆக்சிஜன் நான்கு. லேபிளில் இருந்த மூலக்கூறு எடை 130.12, சி.ஏ.எஸ். எண் (வேதிப்பொருளின் பன்னாட்டு அடையாள எண்) 10034-93-2, இரண்டும் சரி. எடையில் ஏறத்தாழ கால் பங்குதான் ஹைட்ரசீன் என்பதால், ஹைட்ரேட்டுக்கான அளவை இதற்கு அப்படியே கொள்ள முடியாது.

தூய்மை 99 சதவீதம் என்று அச்சிட்டிருந்ததை நம்பிவிடாமல், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 0.025 மோலார் பொட்டாசியம் அயோடேட்டைக் கொண்டு தரம்பார்த்தோம். 65 மில்லிகிராம் உப்புக்கு 19.8 மில்லிலிட்டர் செலவானது. கணக்கிட்டால் 99 சதவீதத்தை ஒட்டியே வருகிறது. குளோரோஃபார்ம் அடுக்கில் தோன்றிய ஊதா நிறம் கடைசித் துளியில் மறைந்த விதமே பொருளின் தரத்துக்குச் சாட்சி.

குளிர்ந்த நீரில் இந்த உப்பு தாராளமாகக் கரைவதில்லை. அறை வெப்பநிலையில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 3 கிராம்தான். 1887-இல் ஜெர்மன் வேதியியலர் குர்ட்டியஸ் ஹைட்ரசீனை முதன்முதலாகப் பெற்றதும் இந்தச் சல்பேட்டாகத்தான் என்பதை, பீக்கரைக் கலக்கிக்கொண்டு காத்திருந்தபோது நினைத்துக்கொண்டேன். எங்களுக்கு வேண்டியது 100 மில்லிலிட்டரில் 1 கிராம் மட்டுமே. சற்று நேரம் கலக்கியதும் கசடின்றித் தெளிந்தது. 10 சதவீத ஹெக்சமின் கரைசலுடன் சம அளவு கலந்து, 25 டிகிரியில் ஒரு நாள் வைத்ததும் 4000 என்.டி.யு. (கலங்கலின் அலகு) அளவுள்ள பால்வெண்மைக் கரைசல் கிடைத்தது. குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் அளவு 1 என்.டி.யு. என்பதால், பல மடங்கு நீர்த்துப் பயன்படுத்தக்கூடிய மூலக்கரைசல் எங்களுக்கு இன்றியமையாதது. மும்பை மழையிலும் தூள் கட்டிதட்டவில்லை.

குறை சொல்ல வேண்டியது புட்டியைப் பற்றித்தான். மூடிக்குள் உள்முத்திரை இல்லை. மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்று வகைப்படுத்தப்பட்ட ஹைட்ரசீனின் உப்பு இது. தோலில் ஒவ்வாமையும் தரும். அந்த எச்சரிக்கையை உருப்பெருக்கி வைத்துத்தான் படிக்க முடிந்தது. பாதுகாப்புத் தகவல் தாளை மூன்று முறை தொலைபேசியில் கேட்டு, நான்காம் நாள்தான் பெற்றோம். காரங்களோடும் ஆக்சிஜனேற்றிகளோடும் சேர்த்து வைக்கலாகாது என்பது அதில்தான் தெளிவாக இருந்தது. அதுவரை எங்கள் புட்டி காஸ்டிக் சோடா இருந்த அலமாரியிலேயே நின்றது.