குளூ கன்னும் துணிப்பூவும்: விரலுக்கு என்ன மாட்டலாம்?

துணியும், குளூ கன் உருக்கித் தரும் சூடான பசையும் வைத்து வேலை செய்பவர்கள் வேறு எது வாங்காவிட்டாலும் சிலிகான் விரல் உறை ஒரு செட் வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவிலும் சேர்த்தே வரும். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தருவது) வாங்கும் காசுக்குள் கிடைத்துவிடுகிறது.

நான் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் காவடிகளுக்குத் துணிப்பூவும் ஜரிகைக் கரையும் வைத்து அலங்கரித்துத் தருபவள். தைப்பூசம் எங்களுக்குக் கோடையில் வருகிறது. அந்தப் புழுக்கத்தில் ஒட்டிய பசை சட்டென்று இறுகாது. சாட்டின் இதழை மடித்து, அடியில் ஒரு சொட்டு வைத்து, பிடிக்கும்வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மெல்லிய துணியாக இருந்தால் பசை இழைகளுக்கு நடுவே கசிந்து மறுபக்கம் வந்துவிடும். விரல் இருப்பது அங்கேதான். சூடு அதிகமான வகைக் கன்னில் பசை சுமார் 190 டிகிரி செல்சியஸில் வருகிறது. சூடு குறைந்த வகையிலும் 120 டிகிரி அளவு இருக்கும். சிலிகான் இந்தச் சூட்டைத் தாங்கும், பசையும் அதில் ஒட்டாது. உறைமேல் இறுகிய பசையை நகத்தால் நெம்பினால் வெங்காயத் தோல் மாதிரி முழுசாகக் கழன்று வரும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

குறை என்றால் தடிமன். முத்து, குட்டிக் கண்ணாடிச் சில்லு எதையும் உறையோடு எடுக்க முடியாது. அதனால் துணியை அழுத்தும் இடது கையில், கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் மட்டும் மாட்டிக்கொள்கிறேன். முத்துகளுக்கு முனை வளைந்த இடுக்கி போதும். உள்ளே வியர்வை சேர்ந்தால் உறை வழுக்கும், அவ்வப்போது கழற்றித் துடைக்க வேண்டும்.

ஊசி வேலைக்கு இந்த உறையை நம்பவே நம்பாதீர்கள். தள்ளும்போது ஊசியின் பின்முனை சிலிகானைத் துளைத்துவிடும். பட்டுக்கரையை மடித்து மடித்துத் தைக்கும்போது நடுவிரலுக்கு உலோகத் திம்பிள்தான் (விரல்நுனியில் மாட்டும் சின்னத் தொப்பி) சரி. அதன் மேலிருக்கும் சின்னச் சின்னக் குழிகள் ஊசியை நழுவவிடாது. நாள் முழுக்க உட்கார்ந்து தைப்பவர்களுக்குத் தோல் திம்பிள் இதமாக இருக்கும். தடித்த துணியில் சிக்கிய ஊசியை இழுக்க, வங்கியில் நோட்டு எண்ணுபவர்கள் மாட்டும் ரப்பர் உறை அருமையான துணை. விலையும் சொற்பம்.

பருத்திக் கையுறை மட்டும் வேண்டாம், தயவுசெய்து. சூடான பசை அதில் ஊறித் தோலோடு பிடித்துக்கொள்ளும், உடனே கழற்றவும் வராது. சூப்பர் குளூ இன்னும் ஆபத்து. பருத்தியில் பட்டதும் அது வேகமாக வினைபுரிந்து, தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடாகும், புகைகூட வரும். அந்தப் பசைக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை போடுங்கள், பஞ்சால் துடைக்கவும் வேண்டாம்.

எத்தனை உறை இருந்தாலும் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருப்பது நல்லது. சூடான பசை தோலில் ஒட்டிவிட்டால் பிய்க்கக் கூடாது, தோலும் சேர்ந்து வந்துவிடும். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ பசை கழலாவிட்டாலோ கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், உதவிக்கு வரும் பிள்ளைகள். அவர்கள் கையில் பெரியவர்களின் உறை நிற்காது, சொட்டு விழும் நேரத்தில் கழன்றுவிடும். செட்டில் உள்ள சின்ன உறை இறுக்கமாக நின்றால் சூடு குறைந்த கன்னைக் கொடுக்கலாம். அதுவும் தளர்ந்தால் இதழ் மடிக்கும் வேலையைக் கொடுங்கள், கன் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.