கார்த்திகையில் போட வேண்டிய கணக்கு: கறவை மாடும் கோழியும்

டெல்டாவில் மாடு வாங்கலாமா, கோழிக் கொட்டகை போடலாமா என்ற பேச்சு பெரும்பாலும் சித்திரையில்தான் எழுகிறது. அப்போது வயல் காய்ந்து கிடக்கும், தையிலும் மாசியிலும் அறுத்த சம்பா வைக்கோல் போராக நிற்கும், அறுவடையை ஒட்டித் தெளித்த உளுந்தை விற்ற காசும் கையில் இருக்கும். எந்தத் தொழிலைத் தொட்டாலும் நடந்துவிடும் போலத் தோன்றும். அதே கணக்கைக் கார்த்திகையில், கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது போட்டால் விடை வேறாக வரும். மன்னார்குடிப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சையும் ஒரு வீட்டுக் கொல்லையும் உள்ள குடும்பத்தை மனத்தில் வைத்து, கலப்பினக் கறவைப் பசு, உம்பளச்சேரி மாடு, ஒப்பந்தப் பிராய்லர், புறக்கடை நாட்டுக்கோழி ஆகிய நான்கையும் அந்த மழைக்காலத்தில் நிறுத்திப் பார்க்கிறேன்.

கலப்பின ஜெர்சிப் பசுவுக்குச் சொல்லப்படும் முதல் நியாயம் பால் அளவு. நன்றாகப் பராமரித்தால் நாளொன்றுக்கு எட்டு, பத்து லிட்டர் கறக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் காலையும் மாலையும் ஊற்றலாம். ஆனால் அங்கே விலையைத் தீர்மானிப்பது அளவு மட்டுமன்று, கொழுப்பும் கொழுப்பல்லாத திடச்சத்தும் சேர்த்துத்தான். மழைக்காலத்தில் வரப்புகளில் முளைக்கும் இளம்புல்லில் நீர் மிகுதி, நார் குறைவு. வைக்கோலைக் குறைத்து அதையே வாரிப் போட்டால் பால் பெருகியது போல இருக்கும், கொழுப்பு இறங்கிவிடும். பத்து லிட்டர் ஊற்றிவிட்டு எட்டு லிட்டர் காசோடு திரும்பும் மாதம் இதுதான்.

வைக்கோல் நம் ஊரில் கொட்டிக் கிடக்கிறது என்பதும் பாதி உண்மையே. குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசி மழையில் சிக்கினால் அந்த வைக்கோல் வயலிலேயே அழுகும். மாடு தின்பதற்கு நம்பக்கூடியது சம்பா வைக்கோல்தான். அறுவடை இயந்திரம் வந்தபின் வைக்கோலைச் சுருட்டுக் கட்டாகக் கட்டி வாங்குகிறோம், போர் போடத் தெரிந்த கைகள் அருகிவிட்டன. சுருட்டுக் கட்டுகளை வெறும் தரையில் அடுக்கினால் அடியில் பூஞ்சை பூக்கும். மாடு அதை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மேலும் வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்துக் கொடுக்கும் முறை பழையது, பலனுள்ளது, செய்பவர்கள்தாம் குறைவு. பசுந்தீவனத்துக்குக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லைப் பரிந்துரைப்பார்கள். மேட்டுக் கொல்லை இருந்தால் நல்லதுதான், ஆனால் தண்ணீர் தேங்கினால் அதன் தூர் அழுகும். வாய்க்கால் ஓரத் தாழ்விடத்துக்கு நீர்ப்புல்லே பொருத்தம்.

கலப்பினத்தின் உண்மையான செலவு நோயில் இருக்கிறது. ஈரத்தரையில் படுக்கும் பசுவுக்கு மடிநோய் வருவது எளிது. எங்கள் பசு ஒருமுறை கார்த்திகைக் காலையில் கறக்கவிடாமல் உதைத்தது. முதல் பீச்சலைக் கறுப்புத் தட்டில் பிடித்துப் பார்த்தபோது தயிர்த் துணுக்குப் போலத் திரிந்து விழுந்தது. மருத்துவம் பார்த்தும் ஒரு காம்பு அந்த ஈத்து முழுவதும் பயன்படவில்லை. அன்றிலிருந்து முதல் பீச்சலைத் தட்டில் பார்க்காமல் நான் கறப்பதில்லை. நத்தை நிறைந்த வயல்களில் மேய்வதால் தட்டைப்புழுவும் டெல்டாவின் நிரந்தரத் தொல்லை. மழைக்கு முன்னும் பின்னும் குடற்புழு நீக்கம் செய்தாக வேண்டும். சினைப்பருவத்துக்கு வந்த பசுவை அடைமழை இரவில் கவனிக்கத் தவறினால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டு முறை தவறினால் ஆறு வாரம் வெறும் தீவனச் செலவு. இதையெல்லாம் யாரும் வாங்கும்போது கணக்கில் எழுதுவதில்லை.

உம்பளச்சேரி மாடு இந்த மண்ணுக்கென்றே வாய்த்தது. தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டிப் பகுதியின் சேற்று வயலில் உழுவதற்காக உருவான இனம். கன்று செம்பழுப்பாகப் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும், நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருக்கும். வைக்கோலும் தரிசு மேய்ச்சலும் போதும், சேற்றில் குளம்பு கெடாது, கலப்பினம் சோர்ந்து நிற்கும் நாளில் இது அசைபோட்டுக்கொண்டிருக்கும். ஆயினும் பாலுக்காக இதை வாங்குபவர் ஏமாறுவார். நாளொன்றுக்கு இரண்டு லிட்டரை ஒட்டித்தான் கறவை, கன்றுக்கு விட்டது போக அதுவும் குறையும். முதல் ஈற்றுக்கும் கலப்பினத்தைவிட நெடுநாள் காத்திருக்க வேண்டும். டிராக்டர் வந்து இதன் தொழிலைப் பறித்தபின், இயற்கை உரத்துக்குச் சாணமும் கோமியமும் வேண்டுவோர், எருது விற்பனைக்குச் சந்தைத் தொடர்பு உள்ளோர், மேய்ச்சல் தரிசு பக்கத்தில் உள்ளோர் ஆகியோருக்கே இது கட்டுபடியாகும். இனம் அழியக் கூடாது என்ற அக்கறை எனக்கும் உண்டு, அதற்காகத்தான் திருவாரூர் மாவட்டம் கொருக்கையில் அரசே பண்ணை நடத்துகிறது. அந்தப் பொறுப்பைக் கடன் வாங்கி மாடு பிடிக்கும் சிறு விவசாயியின் தலையில் ஏற்றுவது நியாயமன்று.

ஒப்பந்தப் பிராய்லரின் கவர்ச்சி அதன் வேகம். குஞ்சு, தீவனம், மருந்து நிறுவனத்தினுடையவை. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு நம்முடையவை. ஏறக்குறைய ஆறு வாரத்தில் கோழி இரண்டு கிலோவைத் தொடும், பிடித்துக்கொண்டு போய் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி கொடுப்பார்கள். தரையில் பரப்ப உமிக்கு இங்கே பஞ்சமில்லை, அரிசி ஆலை இல்லாத ஊரா? இடம்தான் சிக்கல். கோழிக்கு ஒரு சதுர அடி என்றால் ஐயாயிரம் கோழிக்கு ஐயாயிரம் சதுர அடிக் கொட்டகை, அதுவும் வயலைவிட உயர்ந்த தரையில். பள்ளத்தில் கட்டினால் உமி ஈரமாகும். ஈர உமியிலிருந்து கிளம்பும் நெடி கண்ணைக் கரிக்கும், கோழிக்கு மூச்சுத் திணறும், இரத்தக் கழிச்சல் நோய் பின்தொடரும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த இரவில் தகரக் கூரைகள் பறந்ததை மறக்க முடியுமா? கோழி நிறுவனத்தினுடையது, கொட்டகைக் கடன் நம்முடையது என்ற பிரிவினை அப்போதுதான் உறைக்கும். பல்லடத்து மேட்டு மண்ணில் வேர்விட்ட தொழிலை நம் நஞ்சைக்கு அப்படியே பெயர்த்து வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மேடான திடல் நிலமும் தடையில்லா மின்சாரமும் உள்ளவர்கள் வேண்டுமானால் முயலலாம்.

நாட்டுக்கோழியை ஒரு தொழில் என்றே பலர் எண்ணுவதில்லை. வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் போட்ட காசுக்கும் வந்த காசுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் இதுவே முந்தும். பத்துப் பெட்டைகளும் ஒரு சேவலும் சிந்திய நெல்லையும் கரையானையும் குருணையையும் தின்று வளரும். ஓர் அடைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை, 21 நாளில் குஞ்சு. விற்கும் எடைக்கு வர நான்கைந்து மாதம் ஆகும் என்பது குறையே. ஆனால் அவசரச் செலவுக்கு இரண்டைப் பிடித்து விற்றால் அன்றே காசு. மழைக்காலத்தில் இவற்றுக்கு வேண்டியது தரையிலிருந்து மூன்றடி உயர்த்திய ஓர் இரவுக் கூண்டு மட்டுமே. கூண்டு இல்லாவிட்டால் பூவரச மரத்தில் ஏறிக்கொள்ளும், மரநாய்க்கும் நனைவுக்கும் சில பலியாகும்.

நாட்டுக்கோழிக்கு இரண்டு எதிரிகள். பருந்தை, குஞ்சுகளைப் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூன்று வாரம் காத்தால் சமாளிக்கலாம். வெள்ளைக் கழிச்சல் என்னும் தொற்றுநோய் அப்படியன்று. ஒரே வாரத்தில் கொல்லையைக் காலிசெய்துவிடும். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் இறக்கையில் போடும் ஊசியும் தவறக் கூடாது. கால்நடைத் துறை ஆண்டுதோறும் மாசி வாக்கில் இலவச முகாம் நடத்துகிறது. கோழியைப் பிடித்துக் கொடுக்கச் சோம்பிவிட்டுப் பங்குனியில் புலம்புவது எங்கள் தெருவின் வழக்கம், எங்கள் வீடும் ஓராண்டு அந்த வரிசையில் இருந்தது.

வாத்தைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. அறுத்த வயலுக்கு வயல் ஓட்டிச் செல்லும் வாத்து மேய்ச்சல் ஊர் ஊராகப் போகிறவர்களின் தொழில். வீட்டோடு இருப்பவரின் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

ஆகவே, மேலே சொன்ன குடும்பத்துக்கு நான் சொல்வது: கலப்பினப் பசு ஒன்று, நாட்டுக்கோழி பத்து. இரண்டாவது பசுவை, முதல் பசுவோடு ஒரு மழைக்காலத்தைக் கடந்தபின் யோசிக்கலாம். பசுவின் விலையோடு கொட்டகைத் தரையை ஓரடி உயர்த்திச் சரிவு வைத்துச் சிமெண்டு போடும் செலவையும் சேர்த்தே கடன் கேட்க வேண்டும், அந்த வேலை ஆடி, ஆவணிக்குள் முடிய வேண்டும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் கொல்லைக்குள் மணல் வண்டி இறங்காது.