ஆபீஸ் பிரிண்டர்: யூஎஸ்பி ஷேரா, ஐபி முகவரியா, விண்டோஸ் தானாகத் தேடிப் போடுவதா?

எட்டுப் பத்து கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு லேசர் பிரிண்டர். ஆடிட்டர் அலுவலகம், பத்திரம் எழுதும் இடம், சிறு கம்பெனிகளின் கணக்குப் பிரிவு என்று எங்கே போனாலும் அமைப்பு ஏறத்தாழ இதுதான். ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யும் 20ஆம் தேதி நெருங்கும்போது "பிரிண்டர் ஆஃப்லைன்" என்று திரையில் வந்தால் மொத்த அலுவலகமும் நின்றுவிடும். எல்லோரும் பிரிண்டரைத்தான் திட்டுவார்கள். பல நேரம் அந்த மெஷினில் ஒரு குறையும் இருக்காது. கம்ப்யூட்டர் அதை எந்த வழியாகப் போய்ச் சேருகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கும்.

விண்டோஸ் ஓடும் சிறு அலுவலகங்களில் புழக்கத்தில் உள்ள வழிகள் மூன்று. ஒரு சிஸ்டத்தில் யூஎஸ்பி கேபிளில் மாட்டி மற்றவர்களுக்கு ஷேர் போடுவது முதலாவது. பிரிண்டருக்கு நிலையான ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) கொடுத்து ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் நேரே இணைப்பது இரண்டாவது. "பிரிண்டர் சேர்" என்று அழுத்தி, விண்டோஸ் கண்டுபிடித்துத் தருவதை அப்படியே ஏற்றுக்கொள்வது மூன்றாவது. இணைக்கும் நாளில் மூன்றுமே சில நிமிட வேலைதான். ஆகவே எது சுலபமாகச் சேருகிறது என்பதை வைத்து நான் முடிவெடுப்பதில்லை. கோளாறு வந்தால் எந்த இடத்தில் வந்தது என்பதை, வெளியாளைக் கூப்பிடாமல், அங்கே உட்கார்ந்திருப்பவரே கண்டுபிடிக்க முடிகிறதா? அதுதான் என் அளவுகோல்.

யூஎஸ்பி ஷேர்

நம் ஊரில் இந்த வழி இவ்வளவு பரவியதற்குக் காரணம் இருக்கிறது. கேனான் எல்பிபி 2900, ஹெச்பி லேசர்ஜெட் 1020 போன்ற பிரிண்டர்கள் இன்னும் எத்தனையோ மேஜைகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இரண்டிலும் லேன் போர்ட் (நெட்வொர்க் கேபிள் மாட்டும் இடம்) கிடையாது, யூஎஸ்பி மட்டும்தான். பக்கத்தை அச்சுக்குத் தயார் செய்யும் வேலையையும் கம்ப்யூட்டரில் இருக்கும் டிரைவர், அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருள்தான் செய்கிறது. அதனால் கடையில் கிடைக்கும் சின்ன "பிரிண்ட் சர்வர்" டப்பாவை வாங்கி நெட்வொர்க் பிரிண்டராக மாற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவதுண்டு. இந்த வகை பிரிண்டர்களோடு பல டப்பாக்கள் ஒத்துப்போவதில்லை. வாங்குமுன் உங்கள் மாடல் பெயர் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஷேர் முறையின் அடிப்படைப் பலவீனம், எல்லோருடைய பிரிண்டும் ஒரு சிஸ்டத்தை நம்பி இருப்பது. அந்த சிஸ்டத்தில் உட்காருபவர் லீவு போட்டால், அது ஸ்லீப்பில் போனால், அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் ஆனால், மற்ற எல்லோருக்கும் ஆஃப்லைன். இவை கண்ணுக்குத் தெரியும் காரணங்கள் என்பதால் சமாளித்துவிடலாம். தெரியாத காரணங்கள்தான் நேரத்தைத் தின்கின்றன.

யூஎஸ்பி கேபிளைக் கழற்றி வேறு ஓட்டையில் மாட்டினால், சில பிரிண்டர்களை விண்டோஸ் புதுப் பிரிண்டர் என்று நினைத்து, பெயருக்குப் பின்னால் "காப்பி 1" என்று போட்டு இன்னொன்றை உருவாக்கிவிடும். ஷேர் போட்டிருந்தது பழைய பெயருக்கு. அந்த சிஸ்டத்தில் பிரிண்ட் வரும், மற்றவர்களுக்கு வராது. மேஜை துடைத்த மறுநாள் இந்தப் புகார் வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். கேபிளைப் பழைய ஓட்டையிலேயே திரும்ப மாட்டினால் போதும்.

அடுத்தது ரவுட்டர் மாற்றிய பிறகு வருவது. விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு "பப்ளிக்" என்று குறித்துவிட்டால், ஃபயர்வால் ஷேரிங்கை அடைத்துவிடும். அமைப்புகளில் போய் "பிரைவேட்" என்று மாற்ற வேண்டும்.

இவற்றைவிடத் தொல்லை, அப்டேட்டுகளோடு வரும் பிழைகள். பிரிண்ட் ஸ்பூலரில் (பிரிண்ட்களை வரிசைப்படுத்தி அனுப்பும் விண்டோஸ் பகுதி) ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை 2021 ஜூலையில் வெளியே தெரிந்தது. "பிரிண்ட்நைட்மேர்" என்று பெயர் வாங்கியது அதுதான். அடுத்த மாதமே, ஷேர் பிரிண்டரின் டிரைவரை நிறுவ அட்மின் உரிமை வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் மாற்றியது. செப்டம்பரில் கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான பிரிண்ட் தொடர்பின் பாதுகாப்பை இன்னும் இறுக்கியது. 11பி என்று முடியும் பிழை எண் ஊரெல்லாம் பரவியது அப்போதுதான். ஒரு பக்கம் அப்டேட் ஆகி, மறுபக்கம் பழையபடியே இருந்தால் இரண்டும் பேசிக்கொள்ளாது. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றி இதைச் சரிசெய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அந்த மாற்றம் வேலை செய்கிறது, ஆனால் வந்த பாதுகாப்பையே அணைத்து விடுகிறது. வாடிக்கையாளர்களின் பான், வங்கி விவரங்கள் இருக்கும் அலுவலகத்தில் நான் அதைச் செய்ய மாட்டேன். எல்லா சிஸ்டங்களையும் ஒரே அளவுக்கு அப்டேட் செய்து, டிரைவரை ஒவ்வொன்றிலும் அட்மினாக நிறுவுவதே சரி.

நிலையான ஐபி முகவரி

பிரிண்டரில் லேன் போர்ட் இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள், பிரிண்டருக்கு 192.168.1.50 போல ஒரு மாறாத முகவரி, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் "ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்" என்று சேர்த்தல். 9100 என்ற போர்ட் (இது கேபிள் மாட்டும் இடமல்ல, நெட்வொர்க்கில் ஒரு சேவைக்கான வாசல் எண்) வழியாக பிரிண்ட் நேரே போகும். ஹெச்பியின் ஜெட்டைரக்ட் கார்டுகளிலிருந்து வந்த இந்த வழக்கத்தை இன்று மற்ற கம்பெனிகளின் நெட்வொர்க் பிரிண்டர்களும் பரவலாக ஏற்கின்றன. நடுவில் எந்த சிஸ்டமும் இல்லை. யார் லீவு போட்டாலும் கவலை இல்லை.

இதன் பெரிய வசதி, கோளாறைப் பாதியாகப் பிளந்து பார்க்க முடிவது. பிரவுசரைத் திறந்து அந்த முகவரியை அடியுங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் வந்தால் கேபிள், ரவுட்டர், பிரிண்டர் மூன்றும் நலம். தொல்லை அந்தக் கம்ப்யூட்டரின் க்யூவிலோ (அச்சுக்குக் காத்திருக்கும் வரிசை) டிரைவரிலோதான். பக்கம் வராவிட்டால் டிரைவரைத் தொடவே வேண்டாம், கேபிளையும் முகவரியையும் பாருங்கள். பிரிண்ட் வரவில்லை என்றதும் டிரைவரை அழித்துத் திரும்பப் போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. இந்த ஒரு சோதனை அந்த வேலையை மிச்சப்படுத்தும்.

பக்கம் வருகிறது, ஆனால் பிரிண்ட் மட்டும் க்யூவில் நிற்கிறது என்றால் ஸ்பூலர்தான். சர்வீசஸில் "பிரிண்ட் ஸ்பூலர்" என்பதை நிறுத்தி, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல் வரிசையில் போய் "பிரிண்டர்ஸ்" ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் அழித்து, மறுபடி தொடங்க வேண்டும். தேங்கிய பிரிண்ட்கள் போய்விடும், திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு விசித்திரம்: பக்கம் திறக்கிறது, மற்ற சிஸ்டங்களில் பிரிண்ட் வருகிறது, ஒன்றில் மட்டும் விடாப்பிடியாக ஆஃப்லைன். பிரிண்டர் உயிரோடு இருக்கிறதா என்று விண்டோஸ் எஸ்என்எம்பி என்ற வழியில் கேட்டுப் பார்க்கும். அதற்குப் பதில் வராவிட்டால், பிரிண்டர் தயாராக இருந்தாலும், ஆஃப்லைன் என்று முடிவு கட்டிவிடும். பிரிண்டர் பண்புகளில் போர்ட்ஸ், அதில் கான்ஃபிகர் போர்ட் போய் "எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்" டிக்கை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். இவ்வளவு எளிய தீர்வு இருந்தும், இதைத் தெரியாமல் சிஸ்டத்தையே ஃபார்மட் செய்கிறவர்கள் இருப்பது வருத்தமாக இருக்கிறது.

இந்த முறைக்கும் குறை உண்டு. முகவரியை பிரிண்டரின் மெனுவில் மட்டும் நிலைப்படுத்திவிட்டு ரவுட்டரில் சொல்லாமல் விட்டால், ரவுட்டர் அதே முகவரியை யாருடைய போனுக்காவது கொடுத்துவிடலாம். அப்புறம் பிரிண்ட் ஒரு சமயம் வரும், ஒரு சமயம் வராது. ஆகவே ரவுட்டருக்குள் போய், பிரிண்டரின் மேக் முகவரியை (தயாரிப்பிலேயே அதற்குக் கொடுக்கப்பட்ட அடையாள எண்) குறித்து அந்த ஐபியை அதற்கே ஒதுக்கிவிடுவது மேல். பிராட்பேண்ட் கம்பெனி மாறினால் புது ரவுட்டர் 192.168.0 என்ற வரிசையில் ஆரம்பிக்கலாம். அப்போது முகவரியை எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும், தப்பிக்க வழியில்லை.

கரண்ட் போய் வரும்போது வரும் தொல்லை தனி. லேசர் பிரிண்டர் சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன யூபிஎஸ் தாங்காது என்பதால் அதை அதில் மாட்டுவதில்லை. ரவுட்டரும் யூபிஎஸ்ஸில் இல்லையென்றால், கரண்ட் வந்ததும் இரண்டும் ஒன்றாக எழும். ரவுட்டர் முகவரி கொடுக்கத் தயாராகும் முன்பே பிரிண்டர் கேட்டுப் பார்த்து, பதில் வராமல் தானாக 169.254 என்று தொடங்கும் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பிரிண்டரின் அமைப்பு விவரங்கள் இருக்கும் கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்சடித்துப் பாருங்கள், அந்த எண் இருந்தால் பிரிண்டரை அணைத்துப் போட்டாலே போதும். ரவுட்டரை யூபிஎஸ்ஸுக்கு மாற்றுவது நிரந்தரத் தீர்வு.

விண்டோஸ் தேடித் தருவது

பிரிண்டர் தானாகப் பட்டியலில் தெரிகிறது, அழுத்தினால் சேர்ந்துவிடுகிறது. ஆனால் போர்ட்ஸில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் "டபிள்யூஎஸ்டி" என்று ஒரு நீண்ட பெயர் இருக்கும். விஸ்டாவோடு வந்த ஏற்பாடு இது. நெட்வொர்க்கில் பொதுவாகக் கூவி, பிரிண்டர் பதில் சொல்வதை வைத்து இயங்குகிறது. பிரிண்டர் தூங்கி எழுந்து பதில் சொல்லத் தாமதித்தால் ஆஃப்லைன். கெஸ்ட் வைஃபையிலோ வேறு சப்நெட்டிலோ (நெட்வொர்க்கின் தனிப் பிரிவு) இருந்தால் கூவல் போய்ச் சேராது. சோதித்துப் பார்க்க ஒரு முகவரிகூட அங்கே கண்ணில் படாது. வீட்டுக்குச் சரி, அலுவலகத்துக்கு வேண்டாம்.

ஏற்கெனவே இப்படிச் சேர்த்திருந்தால் அழிக்கத் தேவையில்லை. அதே போர்ட்ஸ் பக்கத்தில் "ஆட் போர்ட்" போய் பிரிண்டரின் ஐபியைக் கொடுத்து, டிக்கை அதற்கு மாற்றுங்கள். டிரைவர் அப்படியே இருக்கும்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பிரிண்டர் கம்பெனிகளின் தனி டிரைவர்களுக்கான ஆதரவைப் படிப்படியாக நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. விண்டோஸ் போகும் திசை ஐபிபி. 631 என்ற போர்ட்டில், கம்பெனி டிரைவர் இல்லாமலேயே அச்சடிக்கும் முறை. போனிலிருந்து பிரிண்ட் எடுக்க உதவும் ஏர்பிரிண்ட், மோப்ரியா இரண்டும் இதன் மேல்தான் நிற்கின்றன. ஆகவே கடையில் விலை கேட்கும்போது லேன் போர்ட் உண்டா, மோப்ரியா முத்திரை உண்டா என்று சேர்த்துக் கேளுங்கள். யூஎஸ்பி மட்டும் உள்ள மாடல் சில ஆயிரம் குறைவாகக் கிடைத்தாலும், ஒன்றுக்கு மேல் கம்ப்யூட்டர் உள்ள இடத்துக்கு வாங்க வேண்டாம்.